திரும்பும் பயணத்துக்கான ஒதுக்கீடு

1

அடிலெய்டில் ஒரு திங்கட்கிழமை காலை. பள்ளிக்குக் கிளம்பிய எங்கள் பேரன் நோவா வாசலில் நின்று, என் மனைவி தன் தோளில் மாட்டியிருந்த அவனுடைய புத்தகப் பையைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

"அம்மாச்சி, இனிமே நான் மட்டும் போறேன். எல்லாரும் மட்டும்தான் போறாங்க" என்றான்.

அவன் சொல்ல வந்தது தனியாகப் போகிறார்கள் என்பது. அவனுடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். தினமும் உடன் போய்வந்த பிலோமினாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. கேட் வரைக்கும் போய் நின்று, அவன் முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

"நமக்கு இங்க சோலி முடிஞ்சிருச்சு போல" என்றாள்.

திண்டுக்கல்லில் இருந்து நாங்கள் வந்தது ஆறு மாதத்துக்கு. மகள் ரீனா மருத்துவமனையில் செவிலியர். பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு மாதத்தில் பாதி நாள் சுரங்கப் பகுதியில் வேலை. ஆறு மாதம் ஓராண்டானது, ஓராண்டு பத்தாண்டைத் தாண்டியது. அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அயற்பணிக்கு அனுப்பப்பட்டவரின் காலத்தை ஆண்டுதோறும் நீட்டித்துக்கொண்டே போவார்கள், தாய்த்துறையில் அவர் பெயரே மறந்துபோகும். எனக்கு உத்தரவு எழுத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலை பிலோமினா சொன்னாள்: "ஊருக்குப் போவோம். ஆனா பிளேன்ல தூக்கிப் போட்ட மூட்டை மாதிரி நேரா போயி எறங்க வேணாம். வழியில நாலு ஊரப் பாத்துட்டு, மெல்லமாப் போவோம். இம்புட்டு வருசமா மேப்புல குச்சி வச்சுக் காட்டுனதோட சரி."

அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் உதவிக் கருவூல அலுவலராக ஓய்வு பெற்றவன். அவள் வரைபடத்தை எடுத்தாள். நான் கணக்கை எடுத்தேன்.

2

நம் ஓய்வூதியர் மன்ற நண்பர்கள் பலர் எனக்கு எழுதிக் கேட்டது ஒன்றுதான்: "ஐந்து மாதம், நான்கு நாடு, மொத்தம் எவ்வளவு ஆச்சு?" அந்தத் தொகையை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் சிலர் வீட்டில் 'அவர் மட்டும் கூட்டிட்டுப் போகலயா' என்று சண்டை வரும், வேறு சிலர் வீட்டில் 'பார்த்தீங்களா எவ்வளவு ஊதாரித்தனம்' என்று பேச்சு வரும். இரண்டுக்கும் நான் பொறுப்பேற்க முடியாது. முறையை மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஒரே மொத்தத் தொகையாக எதையும் வைக்காதீர்கள். தலைப்பு வாரியாகப் பிரியுங்கள். விசாவும் காப்பீடும் ஒன்று. அறுபதைத் தாண்டியவருக்குக் காப்பீடு விற்கிறவர்கள் நம் உடம்பைப் பற்றி நம்மைவிட அவநம்பிக்கை கொண்டவர்கள். அதைப் பொருட்படுத்தாமல் கட்டிவிட வேண்டும். தங்குமிடம் ஒன்று, உணவு ஒன்று, மருந்து ஒன்று, நகர்வு ஒன்று. அதாவது விமானம், ரயில், பேருந்து. அனுபவத்தில் தெரிந்துகொண்டது: ஒரு நாட்டில் இருப்பதற்குப் பெரிய செலவில்லை. அங்கிருந்து கிளம்புவதற்குத்தான் செலவு. ஆகவே ஓர் ஊரில் ஒரு மாதம் உட்காருங்கள். மாத வாடகை என்று கேட்டால் அறைக்காரர் முகமே மாறிவிடும், நம் பக்கமாக.

கடைசியாகச் சில்லறைச் செலவினம். இதைக் குறைவாக வைக்கிறவன் வெளிநாட்டில் நின்று கழிப்பறைக்குக் காசில்லாமல் தவிப்பான்.

இவற்றோடு இன்னொரு தலைப்பும் இருந்தது. அது ரீனா உண்டாக்கியது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் எங்கள் இருவருக்கும் மதுரையில் இருந்து அடிலெய்டு திரும்புவதற்கான தொகையை என் கணக்கில் போட்டாள். "டிக்கெட்டு தேதிய நீங்களே போட்டுக்கங்கப்பா. எப்ப வேணா வாங்க. ஆனா வாங்க" என்றாள்.

நான் தேதி கேட்டபோது பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போயிப் பாத்துட்டுச் சொல்றேன். அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவள் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில், தாடிக்கொம்பு சாலையில், எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. பேரனுக்குத் துணை தேவையில்லை என்று ஆன பிறகு அடிலெய்டில் தனக்கு என்ன இடம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். மகளிடம் இதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ரீனாவுக்கும் அதே பயம்தான், அம்மா போனால் திரும்ப மாட்டாள் என்று. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கேட்காததைத்தான் நான் 'திரும்பும் பயணம்' என்று தலைப்பிட்டு, தேதியை மட்டும் காலியாக விட்டு எழுதி வைத்தேன்.

3

இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா என்ற ஊரில் முதல் மாதம். சமையலறையோடு ஒரு சின்ன வீடு. உணவுத் தலைப்பில் மிச்சம் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கணக்கு. சந்தையில் நம் ஊர்க் கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் கிடைத்தன. பிலோமினா மூன்று வேளையும் சமைத்தாள். நான் ஒவ்வொரு நாள் மாலையும் கணக்கெழுதி, மிச்சத்தைப் பார்த்து மகிழ்ந்தேன்.

மாதம் முடிந்து பெட்டி கட்டும்போது சொன்னாள்: "என்னங்க, அடுத்த ஊர்ல அடுப்பு இல்லாத ரூமாப் பாருங்க."

"கூடுதலா ஆகும்."

"ஆகட்டும். இம்புட்டுத் தூரம் கடலத் தாண்டி வந்து சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்கிறதுன்னு யோசிக்கிறதுக்கு, திண்டுக்கல்லுலயே யோசிச்சிருப்பேன்ல?"

தங்குமிடத்தில் இருந்து உணவுக்கு மறு ஒதுக்கீடு செய்தேன். பணிக்காலத்தில் இதற்கு மூன்று மேசை தாண்ட வேண்டும். இங்கே ஒரு மேசைதான், அதிலும் எதிர்க்கருத்துக்கு இடமில்லை.

வியட்நாமில் ஹ்வே என்ற பழைய தலைநகரம். அங்கே நோவாவின் தாத்தாவான நான் லட்சக்கணக்கில் செலவழிக்கும் ஆளாகிவிட்டேன். இருவர் காலைச் சாப்பாட்டுக்கு அவர்கள் பணத்தில் லட்சம் ஆகிறது. லட்சத்தைத் தாண்டிய செலவுப் பட்டியல் ஒன்று என் மேசைக்கு வந்தால் மூன்று முறை சரிபார்த்த பிறகே கையெழுத்திடுவேன். அந்தப் பழக்கத்தில் நூடுல்ஸ் கடைக்கார அம்மாளிடம் ரசீது கேட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார்.

விசாப் படிவத்தில் குடும்பப்பெயர் கேட்டார்கள். நம்மில் ஏது குடும்பப்பெயர்? கடவுச்சீட்டில் என் அப்பா பெயர் அந்த இடத்தில் இருந்தது. அதனால் விடுதியில் என்னை எல்லோரும் 'மிஸ்டர் அந்தோணிசாமி' என்றே கூப்பிட்டார்கள். அப்பா வத்தலக்குண்டைத் தாண்டிப் போனது அபூர்வம். இறந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவர் நான்கு நாடுகளில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கினார். முதல் நாள் திருத்தப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். கூப்பிடும்போது நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஊரில் ஆற்றங்கரையை ஒட்டிய தெருவில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். பிலோமினா அதில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தி கொண்டுவந்து வைக்கும் கிண்ணத்துக்காகக் காத்திருப்பாள். வந்ததும் உடனே சாப்பிட மாட்டாள். கொஞ்ச நேரம் ஆவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சூடா இருக்கு" என்பாள்.

"ஆறட்டும்."

"அதில்லங்க. சூடா இருக்கு. நான் சூடாச் சாப்ட்டு எம்புட்டு நாளாச்சு. எல்லாத்துக்கும் வச்சுட்டு உக்காரையில எனக்கு ஆறிப்போயிரும்."

திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் இதை நான் கவனித்ததில்லை. இனி கவனிக்க வேண்டியவற்றில் சேர்த்துக்கொண்டேன்.

4

மார்ச் மாதம் மலேசியாவில், பினாங்கில் இருந்தோம்.

கருவூலத்தில் வேலை பார்த்தவனிடம் மார்ச் முப்பத்தொன்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்குத் தீபாவளியும் கிறிஸ்துமஸும் எப்படியோ அப்படி அது எங்களுக்கு, புதுச் சட்டை மட்டும் கிடையாது. நிதியாண்டின் கடைசி நாள். ஒதுக்கிய பணம் செலவாகியிருக்க வேண்டும். செலவாகவில்லை என்றால் கொடுத்த இடத்துக்கே ஒப்படைத்துவிட வேண்டும். வைத்துக்கொண்டால் 'லாப்ஸ்', அதாவது காலாவதி. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் எங்கள் பழைய அலுவலகத்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்வது வழக்கம். இப்போது எங்களிடம் முடிப்பதற்குப் பட்டியல் ஒன்றும் இல்லை. ஆனாலும் பேசுவோம்.

திண்டுக்கல் பேகம்பூரில் இருந்து காதர் கூப்பிட்டார். என்னோடு கணக்கராக இருந்தவர்.

"என்னய்யா சேவியரு, பட்டியலெல்லாம் பாஸ் பண்ணியாச்சா?"

"கடல் காத்து வாங்கிக்கிட்டு இருக்கேன் பாய்."

"காத்துக்குச் செல்லுச்சீட்டு, ரசீது ஏதாச்சும் இருக்கா?"

"அது இலவசம்."

"இலவசம்னு எழுதி ஒரு சான்று வையி. ஆடிட்காரன் கேப்பான். ஒன் டூர் கணக்குல மிச்சம் இருக்கா?"

"ஒரு தலைப்புல மட்டும் செலவே ஆகல. அப்படியே கெடக்கு."

"அப்ப இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்க? மணி அஞ்சாகப் போகுது. ஒப்படைச்சுரு. லாப்ஸ் ஆனா ஒன் பேருலதான் குறிப்பு வரும்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு அந்தத் தொகை என்னை உறுத்தியது. மகள் கொடுத்த மானியம். குறிப்பிட்ட காரியத்துக்கு. தேதி இல்லை, டிக்கெட் இல்லை, ஒரு சல்லி செலவாகவில்லை. நாற்பது வருடப் பழக்கம் என் விரலுக்குள் இருந்தது. செல்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்து அந்தத் தொகையை அப்படியே ரீனாவின் கணக்குக்கு அனுப்பினேன். டிக்கெட் வாங்கும் நாள் வரும்போது புது ஆண்டில் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அதுதான் முறை.

சிறிது நேரத்தில் பதில் வந்தது. "சரிப்பா."

ஒப்புகை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக நடக்கப் போனேன்.

5

அதற்கடுத்த நாட்களில் ரீனாவின் தொலைபேசி குறைந்தது. வீடியோவில் அழைத்தால் அவள் முகத்துக்குப் பதிலாக மின்விசிறியும் மேற்கூரையும் தெரியும்.

"பிள்ள ஏங்க மூஞ்சியக் காட்ட மாட்டேங்குது?" என்று பிலோமினா கேட்டாள்.

"வேலையா இருப்பா."

"வேலையா இருந்தா மூஞ்சி எங்க போகும்?"

இலங்கைக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. கொழும்பில் விடுதியின் காலைச் சாப்பாட்டு மேசை. பிலோமினா தொலைபேசியில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். பேசப் பேசக் குரல் தாழ்ந்துகொண்டே போனது. பிறகு வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"திரும்பி வர்ற டிக்கெட்டுக் காச பிள்ளகிட்டயே அனுப்பிட்டீங்களா?"

"ஆமா. மார்ச் முடிஞ்சதுல்ல. செலவாகாத தொகை."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"இதுல சொல்றதுக்கு என்ன..."

"அவ என்ன கேக்குறா தெரியுமா? 'வர மாட்டோம்னு முடிவு பண்ணுனது அப்பாவா, நீயாம்மா'ன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?" அவள் கை அப்பத்தைப் பிய்த்தபடியே நின்றது. "நான் இன்னும் முடிவே பண்ணலங்க. ஒவ்வொரு ஊரா யோசிச்சுக்கிட்டே வாரேன். நீங்க ஒத்த விரல்ல முடிச்சுவிட்டுட்டீங்க."

"பிலோ, அது வெறும் ஒப்படைப்பு. விதிப்படி..."

"மார்ச் மாசமானா எங்க ஸ்கூல்ல சாக்பீசாப் பெட்டி பெட்டியா வாங்கி அடுக்குவாங்க, அடுத்த வருசம் பூராவும் காகிதம் இருக்காது. அந்தக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். அதே கூத்த நம்ம பிள்ளகிட்டயுமா?"

பக்கத்து மேசைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர் போலிருக்கிறது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரீனாவை அழைத்தேன். இந்த முறை முகம் தெரிந்தது. மருத்துவமனைச் சீருடையில், கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ரீனாம்மா, நீ தப்பா நெனச்சுக்கிட்ட. அது வருச முடிவும்மா. மார்ச் முப்பத்தொன்னு."

அவள் கார்க் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா, ஆஸ்திரேலியாவுல வருச முடிவு ஜூன்ல."

உண்மைதான். அங்கே நிதியாண்டு ஜூன் மாதம்தான் முடிகிறது. பத்தாண்டுக்கு மேலாக அங்கே வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறேன். என் மகளுக்கு மட்டும் திண்டுக்கல் கருவூல நாட்காட்டியைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

"நான் அன்னைக்கு ராத்திரி டியூட்டிப்பா. மெசேஜப் பாத்துட்டு மருந்து வண்டியத் தள்ளிக்கிட்டே போனேன். ஒரு பேசண்டு 'ஆர் யூ ஓகே'ன்னு எங்கிட்டக் கேட்டாரு. நான் அவரக் கேக்க வேண்டியது."

"காச மறுபடி அனுப்பிவிடும்மா. நாளைக்கே டிக்கெட்டுப் போடுறேன்."

"அனுப்பல."

"ஏன்?"

"அம்மாவுக்குப் புடிக்காம டிக்கெட்டுப் போட்டு என்னப்பா செய்யப்போறீங்க? வேணாம். அந்தக் காச நான் பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டாள். பிலோமினா என் தட்டில் இருந்த அப்பத்தை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். எனக்குத் தண்டனை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மதுரை வரைக்கும் அவள் பேசவில்லை. கொழும்பில் இருந்து மதுரைக்கு விமானம் சீக்கிரமே வந்துவிடும், அதுதான் ஆறுதல்.

6

திண்டுக்கல்லில் சித்திரை வெயில். வீட்டைத் திறந்ததும் உள்ளே இருந்த சூடு எங்களை வாசலுக்குத் தள்ளியது. திண்டுக்கல் பூட்டு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் திறந்தது. அதை வைத்து நம் ஊரைப் பற்றி நானாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வாரம் பிலோமினா ஒரு புதுப் பெண்ணைப் போல இருந்தாள். மலைப்பழம் வாங்கினாள், கோவிலுக்குப் போனாள், பழைய ஆசிரியைகளின் வீடுகளுக்குப் போனாள். வெளியே போய்விட்டு வந்து ஒருநாள் செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள்.

"கவனிச்சீங்களா? எல்லாரும் 'எப்ப வந்த'ன்னு கேக்குறாங்க. அதுக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடியே 'எப்பப் போற'ன்னு கேக்குறாங்க."

இரண்டாம் வாரம் உறவுகள் வரத் தொடங்கினார்கள். அவளுடைய தங்கை குடும்பம், தம்பி குடும்பம், ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட வந்தவர்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவர்கள், கூப்பிட ஒன்றுமில்லாமல் பார்க்க வந்தவர்கள். எல்லோருக்கும் அவள் சமைத்தாள். வந்தவர்கள் போன பிறகு அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கயும் இதுதானா" என்றாள். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை மதியம் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ரீனா இறங்கினாள். பின்னாலேயே நோவா, முகம் சிவந்து, தண்ணீர் பாட்டிலை நெற்றியில் வைத்துக்கொண்டு. அவனுக்குப் பள்ளி விடுமுறை. அவள் சொல்லாமல் வந்திருந்தாள். நான் திருப்பி அனுப்பிய தொகையோடு மேற்கொண்டு கொஞ்சம் போட்டு டிக்கெட் வாங்கியிருந்தாள்.

"அம்மாச்சி, இங்க வெளியே ஓவன் இருக்கு" என்றான் நோவா. வெயிலைத்தான் சொன்னான்.

பிலோமினா அவனை அணைத்துக்கொண்டு ரீனாவைப் பார்த்தாள். "என்னடி இது, சொல்லாமக் கொள்ளாம? ஒரு கோழி வாங்கியிருப்பேன்ல."

"அதுக்குத்தாம்மா சொல்லல."

மறுநாள் காலை பூசைக்குப் போய்வந்த பிறகு அடுப்படியில் ரீனா அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு வெங்காயம் நறுக்கினாள். நான் முன்னறையில், அடுப்படி தெரிகிற இடத்தில், செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"ம்மா, நான் ஒன்னயக் கூட்டிட்டுப் போக வரல. கேக்கத்தான் வந்தேன்."

"என்னத்தக் கேக்க?"

"ஒனக்கு இங்க இருக்கணும்னு தோணுதா?"

பிலோமினா குழம்பைக் கிண்டினாள். கிண்டத் தேவையில்லாத குழம்பு. "இங்க இருக்கிறதுக்கு என்ன. அவன் வளந்துட்டான். அவனாப் போறான், அவனா வாரான். அங்க எனக்கு என்ன சோலி இருக்கு, சொல்லு."

"சோலிக்குத்தான் வந்தியா?"

"பின்ன எதுக்கு என்னயக் கூப்புட்ட?"

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. ரீனா எதையாவது சொல்லிச் சமாளிப்பாள், அழுவாள், 'என்னம்மா இப்படிப் பேசுற' என்பாள் என்று நினைத்தேன்.

"சோலிக்குத்தாம்மா கூப்புட்டேன்" என்றாள். "அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல. இல்லன்னு சொன்னா அது பொய்யி."

பிலோமினா திரும்பவில்லை.

"இப்ப சோலி இல்ல. அவனுக்கு வேணாம், எனக்கும் வேணாம். துவைக்க மெசின் இருக்கு, சாப்பாட்ட நாங்க பாத்துக்குவோம். ஒரு சோலியும் இல்லாம இப்பக் கூப்புடுறேன். வர்றியா?"

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"சோலி இல்லாம ஒரு வீட்டுல எப்புடிடி இருக்கிறது?" பிலோமினாவின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "எனக்கு அது தெரியாதே."

"எனக்கும் தெரியாது. பழகிக்குவோம்."

"ஒரு மாசத்துல ஒனக்குச் சலிச்சுப் போயிரும். நடுவீட்டுல உக்காந்து வேலையும் செய்யாம நொரநாட்டியம் பேசிக்கிட்டு இருப்பேன்."

"சலிச்சாச் சொல்றேன். இத்தன நாளு சொல்லாம இருந்ததுதான் இம்புட்டுக்கும் காரணம்."

நான் செய்தித்தாளை மடித்தேன். இந்த நேரத்தில் உள்ளே போகக் கூடாது என்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் தெரிந்தது. நோவா மட்டும் என்னைத் தாண்டி ஓடிப்போனான். அவன் போனதும் உள்ளே இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஏன் அழறாங்க?" என்று வெளியே வந்து என்னிடம் கேட்டான்.

"வெங்காயம்" என்றேன்.

"ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க தாத்தா."

7

பிலோமினா நிபந்தனைகளோடுதான் ஒப்புக்கொண்டாள். ஊதியக் குழு போல வரிசையாகச் சொன்னாள். ஆண்டில் சில மாதங்கள் திண்டுக்கல்லில் இருக்க வேண்டும், அங்கே வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஓட்டலில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும், தங்கை என்ன நினைத்தாலும் சரி. அடிலெய்டில் அடுப்படிப் பக்கம் அவளாகப் போகமாட்டாள். ஆசை வந்தால் என்றாவது ஒருநாள் சமைப்பாள், அதை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு நாடு பார்க்க வேண்டும். அதற்கான கணக்கை நான் எழுதலாம், ஆனால் எந்தத் தொகையையும் யாருக்கும் அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் கேட்க வேண்டும். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி அந்தக் கதை எங்கள் வீட்டில் கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் சொல்லப்படும். தயாராக இருக்கிறேன்.

ஆகவே நீண்ட பயணத்துக்குத் திட்டமிடும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சேர்க்க வேண்டிய ஒரே குறிப்பு: கிளம்புவதற்கு முன் எவ்வளவு ஆகும் என்று கேட்பதோடு, வீட்டில் யாருக்கு என்ன பயம் என்றும் கேட்டுவிடுங்கள். கருவூலத்தில் இதற்குப் படிவம் கிடையாது. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரீனாவின் ஓர் இரவுப் பணி நன்றாகக் கழிந்திருக்கும்.

இதை அடிலெய்டில் இருந்து எழுதுகிறேன். வந்த முதல் சில வாரங்கள் பிலோமினா பட்ட பாட்டைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. யாராவது தட்டை வைத்தால் கை தானாக அதை எடுக்கப் போகும். எழுந்திருப்பாள், நினைவு வந்து உட்காருவாள். மறுபடி எழுந்திருப்பாள். சும்மா இருப்பது அவளுக்கு முழங்கால் வலியைவிடக் கடினமாக இருந்தது. பாத்திரம் கழுவுகிற பொறுப்பை நான் ஏற்றேன். முதல் நாள் நான் கழுவிவைத்த கரண்டியை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். அந்த மௌனத்துக்கு அவள் எவ்வளவு முயற்சி எடுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ரீனா இரவுப் பணி முடித்து வந்து தூங்கிவிட்டாள். நோவா தோசை சுட்டான். முதல் தோசை கல்லிலேயே தங்கிவிட்டது. இரண்டாவது ஆஸ்திரேலியக் கண்டத்தின் வடிவத்தில் வந்தது, டாஸ்மேனியா தனியாக. சுட்ட கையோடு ஓடிவந்து பிலோமினாவின் தட்டில் போட்டான். ஆவி பறந்தது. ஓரம் கருகியிருந்தது, நடுவில் மாவு தெரிந்தது. அடுப்பை எவ்வளவு வைக்க வேண்டும், கல்லில் எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று சொல்ல அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. பிய்த்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள். அவன் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றான்.

முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு, உட்கார்ந்த இடத்தில் இருந்து, காலித் தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

"இன்னொண்ணு போடுப்பா."

இத்தனை ஆண்டுகளில் பிலோமினா இன்னொன்று கேட்டு நான் பார்த்தது அதுவே முதல்முறை.